மச்சி என்றால் யார்

சென்னை
2 ஜூன் 2025

அன்புள்ள ஆரிபா,

நீ என் எண்ணை பிளாக் செய்துவிட்டாய். தபால்காரரை பிளாக் செய்ய முடியாது என்பதால் பேனாவை எடுத்திருக்கிறேன். காந்திகிராமத்தில் நாம் எம்.ஏ. பரீட்சை எழுதியதற்குப் பிறகு இப்போதுதான் ஒரு முழுப் பக்கம் கையால் எழுதுகிறேன். கோழி கிளறியது போல இருந்தால் பொறுத்துக்கொள்.

மதுரையில் நீ மேடையை விட்டு இறங்கி யாரையும் பார்க்காமல் வாசலுக்கு நடந்தாய். நான் பின்னாலேயே ஓடி வந்தேன். நீ ஆட்டோவில் ஏறிவிட்டாய். சாப்பாட்டு டோக்கனைக்கூட மேசையிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தாய். ஏறும்போது என்னைப் பார்த்தாய்தானே? பார்த்தும் போய்விட்டாய் என்றுதான் மனசு அடித்துக்கொள்கிறது.

ஆரி, நான் சொல்வதைக் கொஞ்சம் கேள். எங்கள் ‘கேள்கதை’ செயலியின் கதைச் சுருக்கப் போட்டிக்கு இந்த வருடம் கதைகள் மலை போலக் குவிந்துவிட்டன. மூன்று வரியில் கதையைச் சொல்ல வேண்டும். அது தேறினால் மேடையில் மூன்று நிமிடம் பேச வேண்டும். எழுதி அனுப்புகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் அந்த மேடையைக் கண்ணால்கூடப் பார்ப்பதில்லை. நீ அங்கே ஏறி நின்றாய். நிராகரித்தது கதையைத்தான், உன்னை அல்ல. ஒவ்வொரு வருடமும் ஒரு காற்று அடிக்கும். இந்த வருடம் நண்பர்கள், ஊர் சுற்றல், சிரிப்பு. அடுத்த வருடம் அது மாறிவிடும்.

இன்னொன்று. நடுவர்கள் சொன்ன அந்த ஒரு மாற்றத்தைச் செய்து கொடுத்தால் தொடராகவே எடுத்துக்கொள்கிறோம் என்கிறார்கள். ஆற அமர யோசித்துப் பார். பதில் போடு.

உன்
கீர்த்தி


பேகம்பூர், திண்டுக்கல்
10 ஜூன் 2025

கீர்த்தனா,

‘அன்புள்ள’ என்று எழுதி அடித்துவிட்டேன். தாளை வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும், அது போதும் உனக்கு.

உன் கடிதம் பக்ரீத்துக்கு முதல் நாள் வந்தது. கறி பங்கு பிரித்து, வந்த சொந்தக்காரர்களை அனுப்பி, வீட்டைக் கழுவி முடிக்கும்வரை அதை நான் தொடவில்லை. நேற்று எங்கள் டி.டி.பி. கடையில் செத்த நேரம் ஆள் இல்லை. அப்போதுதான் பிரித்தேன். “நிராகரித்தது கதையைத்தான், உன்னை அல்ல.” அடி ஆத்தி! மூன்று வருடமாக உங்கள் செயலி எனக்கு அனுப்பும் மின்னஞ்சலில் இதே வாக்கியம்தான் இருக்கிறது, ஒரு எழுத்து மாறாமல். எழுதிக் கொடுத்த புண்ணியவதி நீதானா?

காற்று அடிப்பதைப் பற்றி எனக்குப் பாடம் நடத்தாதே. முதல் வருடம் ராஜா ராணி கேட்டீர்கள். மலைக்கோட்டையில் சுரங்கம் தோண்டி ஒரு இளவரசியை ஓட வைத்தேன். அவள் வெளியே வருவதற்குள் நீங்கள் பேய்க்கு மாறியிருந்தீர்கள். சரி என்று மறு வருடம் தோல் கிடங்கில் ஒரு பேயைக் குடிவைத்தேன். பேய் வந்து உட்காருவதற்குள், தொடர் கொலைதான் வேண்டும் என்றீர்கள். ஒரு வருடம் முழுக்க ஆட்களைக் கொன்றேன். கடையில் வக்கீல் நோட்டீஸ் அடிக்கும்போதுகூட மனசுக்குள் யாரையாவது குத்திக்கொண்டிருந்தேன். ஒன்றும் தேறவில்லை. போங்கடா என்று இந்த வருடம் எந்தக் காற்றையும் பார்க்காமல் என் வீட்டுக் கதையை அனுப்பினேன். அதுதான் மேடை ஏறியது. எப்படித் துள்ளினேன் தெரியுமா? உனக்குத்தான் முதலில் போன் செய்தேன். நீ வாழ்த்துச் சொன்னாய்.

இனி மேடையில் நடந்ததைச் சொல்கிறேன். நீ கடைசி வரிசையில் இருந்தாய், என் முகம் உனக்குச் சரியாகத் தெரிந்திருக்காது.

“மச்சி போன பிறகு எங்கள் வீட்டில் யாரும் சத்தமாகச் சிரிப்பதில்லை.” முதல் வரியைச் சொன்னதும் சிரித்தார்கள். “மச்சியைக் கூட்டி வர ஒரு நாள் நத்தம் பஸ்ஸில் ஏறுகிறேன்.” இன்னும் சிரித்தார்கள். “திரும்பும்போது என் பக்கத்து சீட்டில் மச்சி வருமா, காலி சீட்தான் வருமா?” கை தட்டினார்கள். எனக்கு ஒரே சந்தோஷம் கீர்த்தனா. இம்புட்டு பாரமான கதையை இம்புட்டு லேசாகச் சொல்லத் தெரிகிறதே நமக்கு என்று என் மேல் எனக்கே ஆசை வந்துவிட்டது. இன்னும் கொஞ்சம் இழுத்து இழுத்துப் பேசினேன்.

அப்போது நடுவர்களில் அந்தத் தொப்பிக்காரர் கேட்டார்: “சூப்பருங்க. இந்த மச்சி ஆளு எப்படி? தண்ணி அடிப்பானா?”

ஐந்து வேளை தொழுகிற என் மச்சியை!

“அவுங்க எங்க அண்ணன் பொண்டாட்டிங்க” என்றேன். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு முன்பு சிரித்ததைவிடப் பெரிதாக ஒரு சிரிப்பு எழுந்தது. “அப்ப இது ஃபேமிலி சப்ஜெக்டா? இந்த வருஷம் அது போகாதுங்க. மச்சிய ஒரு பையனா மாத்திடுங்க, உடனே எடுத்துக்கலாம்” என்றார். நீ கடிதத்தில் எழுதிய ‘அந்த ஒரு மாற்றம்’ அதுதான்.

சென்னைக்காரர்களுக்குத் தெரியாது, சரி. உங்கள் வீட்டில் மதினி என்பீர்கள், எங்கள் வீட்டில் மச்சி. அது உனக்குமா தெரியாது? கல்லூரிக்கு இரண்டு வருடமும் எனக்கு டிபன் கட்டியது யார்? “அந்தப் பூக்காரப் புள்ளைக்கும் சேத்து வெஞ்சனம் வெச்சிருக்கேன், மறக்காமக் குடு” என்று, பூக்கடை வீட்டுப் பெண்ணான உனக்கும் கொடுத்து அனுப்பியது யார்? அயாஸ் அண்ணன் மவுத்தானபோது நீ வந்து மச்சியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாயே! நாலு மாதம் பத்து நாள் இத்தா இருந்து முடிந்து அவர்கள் அண்ணன் வந்து நத்தத்துக்குக் கூட்டிப்போன அன்று என்னோடு சேர்ந்து அழுதாயே!

முதல் சுற்றில் படித்துத் தேர்ந்தெடுப்பது நீ. என் மூன்று வரியைப் படித்தாயா, இல்லையா? அதை மட்டும் எழுது. ஆறுதல் வேண்டாம்.

ஆரிபா


சென்னை
16 ஜூன் 2025

ஆரி,

படித்தேன்.

இந்த ஒரு சொல்லை எழுதிவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். மீதியையும் சொல்லிவிடுகிறேன்.

உன்னுடையது முதலில் என்னிடம் வரவில்லை. பக்கத்து இருக்கை பிரபுவிடம் போனது. பையன் நல்லவன், பிறந்து வளர்ந்ததெல்லாம் இங்கேதான். படித்துவிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். “அக்கா, இதப் பாருங்க, மச்சியத் தேடி பஸ்ல போறானாம்! இந்த வருஷத்துக்குன்னே அளவெடுத்துத் தெச்ச மாதிரி இருக்கு” என்று திரையை என் பக்கம் திருப்பினான். நத்தம் என்ற ஊர்ப் பெயரைப் பார்த்த உடனேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அது நீ என்றும் தெரிந்தது, மச்சி யார் என்றும் தெரிந்தது. மச்சி டிபனில் வைக்கும் அந்த டால்ச்சா வாசனைகூட வந்தது என்று சொன்னால் நம்புவாயா?

“டேய், மச்சின்னா மதினிடா” என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லியிருந்தால் அவன் அதைக் ‘குடும்பம், சோகம்’ என்று ஒதுக்கியிருப்பான். இந்த வருடம் அந்த வகையில் எதையும் மேலே அனுப்ப வேண்டாம் என்று எங்களுக்கு உத்தரவு. மூன்று வருடமாக உன் இளவரசியையும் பேயையும் கொலைகாரனையும் நான்தான் ஒதுக்கினேன் ஆரி. நம் சிநேகத்தால் சலுகை காட்டிவிடக் கூடாது என்று மற்றவர்களுக்குப் பார்ப்பதைவிடக் கறாராகப் பார்த்தேன். அந்த மின்னஞ்சல் வாசகமும் நான் எழுதியதுதான். அதனால் இந்த முறை வாயை மூடிக்கொண்டேன். மேடையில் ஏறி நீ உன் வாயால் பேச ஆரம்பித்துவிட்டால் அவர்கள் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள் என்று நம்பினேன். நீ பேசி நான் எத்தனை நாள் சின்னாளபட்டி பஸ்ஸில் இறங்குமிடத்தைத் தவறவிட்டிருக்கிறேன்! அந்தத் தொப்பிக்காரரும் அப்படித் தவறவிடுவார் என்று நினைத்துவிட்டேன்.

முன்னாலேயே உன்னிடம் சொல்லியிருக்கலாம். ‘அவர்கள் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள், தயாராக வா’ என்று ஒரு போன். சொன்னால் நீ வரமாட்டாய் என்று பயந்தேன். வந்தால் போதும் என்று இருந்துவிட்டேன். உனக்கு நல்லது செய்வதாக நினைத்து உன்னைக் கொண்டுபோய்ச் சந்தியில் நிறுத்திவிட்டேன். மன்னித்துவிடு என்று கேட்க எனக்கு வாய் இல்லை. ஆனாலும் கேட்கிறேன்.

கீர்த்தி


பேகம்பூர்
23 ஜூன் 2025

கீர்த்தனா,

உண்மையை எழுதியதற்கு நன்றி. மன்னிப்பைப் பற்றி இப்போது பேசாதே, எனக்கு வரவில்லை.

நீ ஒதுக்கிய மூன்றும் குப்பைதான். அது எனக்கு முன்பே தெரியும். அதற்காக உன் மேல் வருத்தம் இல்லை. தேர்ந்தெடுத்தாயே, அதுதான் வலிக்கிறது. தோற்று வருவது எனக்குப் பழகிவிட்டது. மின்னஞ்சல் வரும், ஒரு நாள் சோறு இறங்காது, மறுநாள் கடையைத் திறந்துவிடுவேன். ஜெயித்துவிட்டதாக நினைத்துப் புதுப் புடவை கட்டிக்கொண்டு போய் நின்றதை எப்படித் தாங்குவது என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

ஒன்றை உன்னிடம் மறைத்தேன். நான் வெளியே போனது அவர்கள் சிரித்ததற்காக மட்டும் இல்லை. நடுவர்களில் வெள்ளைச் சேலை கட்டிய ஒரு அம்மா இருந்தார்கள், நினைவிருக்கிறதா? அவர்கள் மட்டும் சிரிக்கவில்லை. மற்றவர்கள் ஓய்ந்ததும், “அண்ணியாவே இருக்கட்டும்மா. கடைசியில வர்றாங்களா, இல்லையா?” என்று மெதுவாகக் கேட்டார்கள். நான் முழித்தேன். எனக்குத் தெரியவில்லை கீர்த்தனா. எப்படித் தெரியும்? நான் போனதே இல்லையே!

மச்சி போய் நாலு வருடமாகிறது. திண்டுக்கல்லில் இருந்து நத்தம் ஒரு மணி நேரத்து பஸ். போகும்போது “வந்து பாரு, ஆரிபா” என்றார்கள். அம்மாவுக்குச் சுகமில்லை, கடையில் தேர்தல் வேலை, என் பையனுக்குப் பரீட்சை என்று தள்ளித் தள்ளி, அப்புறம் இத்தனை நாள் கழித்து எந்த முகத்தோடு போவது என்று அதுவும் ஒரு காரணமாகிவிட்டது. போவதற்குப் பதிலாக, போவது போலக் கதை எழுதினேன். அதை மூன்று வரியாகச் சுருக்கிப் போட்டிக்கு அனுப்பினேன். அந்த அம்மா கேட்டதும்தான் எனக்கு உறைத்தது. பதில் சொல்ல முடியாமல்தான் இறங்கிப் போனேன்.

கதையை ஆணாக மாற்றித் தரமாட்டேன். இது முடிவான பதில். உங்கள் ஆட்களிடம் சொல்லிவிடு.

ஆரிபா


சென்னை
30 ஜூன் 2025

ஆரி,

உன் பதிலைச் சொன்னேன். சரி என்று விட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன்.

“அவங்க எழுதினது அண்ணி கதை. நாமதான் அத கூட்டாளி கதைன்னு தப்பாப் புரிஞ்சுக்கிட்டோம். அந்தத் தப்பு நம்மளுது. அத நாமளே எழுதிக்கலாம்” என்று கூட்டத்தில் பேசினார்கள். கேட்டால் தலை சுற்றுகிறது.  எழுதப்போவது யார் என்று கேட்டார்கள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். உன் ஊர்க்காரி, அந்த பஸ் போகும் வழி தெரிந்தவள் நான்தானே.

சரி என்று சொல்லிவிட்டேன், ஆரி. சொன்ன பிறகுதான் உனக்கு எழுதுகிறேன். முன்னால் எழுதியிருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் நான் இப்படித்தான் செய்கிறேன், பார்.

காரணம் கேட்பாய். இங்கே சேர்ந்தபோது வருகிற கதைகளை ஒரு வருடம் படித்துக் கொடு, பிறகு எழுத வைக்கிறோம் என்றார்கள். ஐந்து வருடமாக மற்றவர்கள் கதையை வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். நானும் வேறு பெயரில் வெளியே இரண்டு போட்டிகளுக்கு அனுப்பினேன், உனக்குச் சொல்லவில்லை. இரண்டிலும் திரும்பி வந்தது. அவர்களும் நான் எழுதிய வாக்கியத்தையே கொஞ்சம் மாற்றி எனக்கு அனுப்பியிருந்தார்கள். சிரிக்கலாம் என்றால் சிரி.

முதல் பகுதியை எழுதிப் பார்த்தேன். இரண்டு பையன்கள், ஒரு பஸ், சாணார்பட்டியில் டீ. சிரிப்பு வருகிறது, பிரபு விழுந்து விழுந்து சிரிக்கிறான். எழுதும்போது எனக்கு மட்டும் மச்சி பின் சீட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பது போல இருக்கிறது. நீ ஒரு வார்த்தை வேண்டாம் என்று சொன்னால் நிறுத்திவிடுகிறேன். வேலை போனாலும் போகட்டும். சத்தியமாகச் சொல்கிறேன்.

கீர்த்தி


பேகம்பூர்
9 ஜூலை 2025

கீர்த்தி,

உன் கடிதம் கிடைத்த அன்று இரண்டு பக்கம் திட்டி எழுதினேன். இன்றுதான் அதைக் கிழித்தேன். அதில் முக்கியமான வரி இதுதான்: கதையை வேண்டுமானால் வைத்துக்கொள், ‘மச்சி’ என்ற சொல்லை மட்டும் எடுத்துவிடு, அது எங்கள் வீட்டுச் சொல். அதைத் தபாலில் போடக் கிளம்பியவள், தபாலாபீஸ் வாசல்வரை போய்விட்டு, நேரே பஸ் ஸ்டாண்டுக்குப் போய் நத்தம் பஸ்ஸில் ஏறிவிட்டேன். வீட்டில்கூடச் சொல்லவில்லை. கோபாலபட்டி தாண்டும்போதுதான் அம்மாவுக்கு போன் செய்தேன். “போ. நல்லாப் பாத்துட்டு வா” என்று மட்டும் சொன்னார்கள். குரல் ஒரு மாதிரி இருந்தது.

மச்சியின் அண்ணனுக்கு மாங்காய் மண்டி. சீசன் முடியும் நேரம், வாசலெல்லாம் வைக்கோலும் பழமுமாகக் கிடந்தது. மச்சி தரையில் உட்கார்ந்து அடிபட்ட பழங்களைத் தனியாகப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. “வந்துட்டியா? வா, அந்தக் கூடைய இழுத்துப் போட்டு உக்காரு” என்றார்கள், நேற்றுப் போய் இன்று வந்தவளிடம் பேசுவது போல. நாலு வருடமாக நான் மனசுக்குள் எழுதிவைத்திருந்த சந்திப்புக் காட்சி ஒன்றுக்கும் ஆகவில்லை. நானும் உட்கார்ந்து பழம் பிரித்தேன்.

என்ன பேசுவது என்று தெரியாமல் போட்டியைப் பற்றிச் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன், தொப்பிக்காரர் கேட்டதையும். சொல்லிவிட்டுப் பயந்துபோய்ப் பார்த்தால், மச்சி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்குகிறார்கள்.

“நான் ஆம்பளையாயிட்டேனா? மீசையெல்லாம் வெச்சாங்களா?”

அப்புறம் அடக்க முடியவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்கள். உள்ளே இருந்து அவர்கள் அண்ணி வந்து என்னவென்று கேட்க, அவர்களிடமும் சொல்லி மறுபடி சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எங்கள் வீட்டில் மூன்று அறை தாண்டிக் கேட்கும், உனக்கு நினைவிருக்கும். நானும் சிரித்தேன். மதுரையில் அவர்கள் சிரித்தபோது எரிந்த இடம் அப்போதுதான் ஆறியது. நீ செய்ததையும் சொன்னேன். “அந்தப் பூக்காரப் புள்ளையா? அவ வேணும்னு பண்ணிருக்க மாட்டா. மெலிஞ்சு போயிருக்காளா?” என்றார்கள். உனக்கு இது தேவைதான் என்று எழுதிவைக்கிறேன்.

பிறகு நான் கேட்டேன். அந்த வெள்ளைச் சேலை அம்மா என்னிடம் கேட்டதை நான் மச்சியிடம் கேட்டேன். “மச்சி, வீட்டுக்கு வாரீங்களா?”

கையிலிருந்த பழத்தை வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்தார்கள். “ஒனக்கு யாரும் சொல்லலையா?” என்றார்கள். அடுத்த மாதக் கடைசியில் ரபியுல் அவ்வல் பிறை பிறந்ததும் நிக்காஹ். மாப்பிள்ளை இதே ஊரில் மாங்காய்த் தோப்புக் குத்தகைக்காரர். மனைவி மவுத்தாகிவிட்டார், இரண்டு பிள்ளைகள். “ஒங்க அம்மாவுக்கு எப்புடிச் சொல்றது, அயாஸ் பேரச் சொல்லி அழுவாங்களேன்னு தள்ளிப் போட்டுக்கிட்டே இருந்தேன். நீ போன வருசம் வந்திருந்தா ஒங்கிட்டதான் மொதல்ல கேட்டிருப்பேன், செய்யலாமான்னு” என்றார்கள்.

அந்த வார்த்தையை நான் இங்கே வரை சுமந்து வந்திருக்கிறேன் கீர்த்தி. என்னிடம் கேட்டிருப்பார்கள். நான் அப்போது கதையில் ஆட்களைக் கொன்றுகொண்டிருந்தேன்.

சந்தோஷம் என்று சொன்னேன். சந்தோஷம்தான். ஆனால் அழுதுவிட்டேன். கிளம்பும்போது வாய்வரை வந்ததைக் கேட்டே விட்டேன்: “இனிமே ஒங்கள நான் என்னன்னு கூப்புடுறது?” அண்ணனும் இல்லை, இனி அவர்கள் இன்னொருவர் மனைவி, இன்னொரு வீட்டுக்கு மச்சி. நான் யாருமில்லையே.

மச்சி முகத்தில் மறுபடி அந்தச் சிரிப்பு வந்தது.

“மச்சின்னே கூப்புடு. யாராச்சும் கேட்டா, கூட்டாளின்னு அர்த்தம்னு சொல்லிக்கிறேன். மெட்ராஸ்ல அப்புடித்தானே?”

அதனால் அந்தச் சொல்லை நீ எடுக்க வேண்டாம். உன் தொடரில் அப்படியே இருக்கட்டும். உன் பையன்கள் இருவரும் நன்றாகச் சிரிக்கட்டும். உன் மேல் கோபம் முழுதாகப் போகவில்லை, பிளாக்கையும் இப்போதைக்கு எடுக்க மாட்டேன். எழுதுவதானால் தபாலில் எழுது. நிக்காஹுக்கு உன்னையும் கூட்டி வரச் சொன்னார்கள். வருவதும் வராததும் உன் இஷ்டம்.

அந்த வெள்ளைச் சேலை அம்மாவை எங்காவது பார்த்தால் பதில் சொல்லிவிடு. மச்சி ஒரு பை நிறைய மாம்பழம் கொடுத்துவிட்டார்கள். திரும்பும்போது அதைப் பக்கத்து சீட்டில் வைத்திருந்தேன். சாணார்பட்டியில் கூட்டம் ஏறியது. “யக்கா, சீட்டுக்கு ஆள் வருதா?” என்று கண்டக்டர் கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

ஆரி